கிட் ரீரீரீ: பழைய மெர்ஜ் தீர்வுகளைத் துடைப்பது எப்படி?

கேள்வி: அண்ணா, போன மாசம் தப்பா தீர்த்த ஒரு கான்ஃப்ளிக்ட் (இரண்டு கிளைகளின் மாற்றம் ஒரே இடத்தில் மோதுவது), ஒவ்வொரு ரீபேஸ்லயும் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது) அதே தப்போட வந்து உட்காருது. 'கிட் ரீரீரீ கிளியர்' கொடுத்தும் போகல.

பதில்: ஒருமுறை நீங்கள் மோதலைத் தீர்த்த விதத்தைப் பதிந்துவைத்து, அதே மோதல் திரும்ப வந்தால் தானே போட்டுவிடும் கிட் வசதிதான் ரீரீரீ. அதில் பேர்தான் கிளியர். பாதியில் கைவிட்ட மெர்ஜின் கணக்கைத்தான் அது அழிக்கும்; முடிந்த தீர்வுகளைத் தொடாது. கான்ஃப்ளிக்ட் வந்து நிற்கும்போதே, கமிட்டுக்கு முன்னால், இந்த இரண்டையும் கொடுங்கள்:

கிட் ரீரீரீ ஃபர்கெட் <கோப்பு>
கிட் செக்அவுட் -எம் <கோப்பு>

முதலாவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபர்கெட் பதிவை மறக்குமே தவிர, கோப்புக்குள் ஏற்கெனவே எழுதிவிட்ட தப்பைத் திருத்தாது. அப்படியே ஆட் செய்து கமிட் அடித்தால் அதே தப்பு புதுப் பதிவாகிவிடும். செக்அவுட் -எம் கொடுத்தால்தான் <<<<<<< என்ற மோதல் குறிகள் திரும்ப வரும்.

கேள்வி: மெர்ஜ் கமிட் ஆகிவிட்டதே, சார்?

பதில்: அப்போது ஃபர்கெட் பிடிக்காது. மெர்ஜுக்கு முந்தைய கமிட்டில் தற்காலிகக் கிளை போட்டு, மறுபடி மெர்ஜ் செய்து, அங்கே ஃபர்கெட் கொடுங்கள்.

கேள்வி: தானாகவே காலாவதி ஆகாதா?

பதில்: ஆகும். தீர்த்தவை 60 நாள், தீர்க்காதவை 15 நாள். ஆனால் தீர்த்தவற்றுக்கு நாள் எண்ணுவது கடைசியாகப் பயன்பட்ட தேதியிலிருந்து. வாராவாரம் ரீபேஸ் செய்தால் தப்பான பதிவும் வாராவாரம் இளமையாகிவிடும்! 10 நாளுக்கு மேல் பயன்படாமல் சும்மா கிடப்பதை மட்டும் கழிக்க:

கிட் -சி ஜிசி.ரீரீரீரிசால்வ்டு=10 ரீரீரீ ஜிசி

கேள்வி: இந்தப் பதிவுகள் கிடக்கும் .கிட்/ஆர்ஆர்-கேஷ் ஃபோல்டரையே அழித்துவிடலாமா?

பதில்: மெர்ஜ் நடுவில் வேண்டாம். மற்ற நேரத்தில் அழிக்கலாம், ஒரு பொறி உண்டு. ரீரீரீ.எனேபிள்டு அமைப்பை கிட் கான்ஃபிகில் நீங்கள் எழுதி வைக்காவிட்டால், அந்த ஃபோல்டர் இருப்பதை வைத்துத்தான் வசதி இயங்கும். அழித்ததும் ஓசையில்லாமல் நின்றுபோகும். முதலில் ட்ரூ என்று எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு பதிவுதான் தொல்லை என்றால், மோதிய வரியிலுள்ள ஃபங்ஷன் பெயரை ஆர்ஆர்-கேஷுக்குள் கிரெப் செய்யுங்கள் (தேடுங்கள்). ஒவ்வொரு பதிவும் ஹாஷ் பெயரில் ஒரு ஃபோல்டர்: அதன் ப்ரீஇமேஜ் கோப்பில் மோதல், போஸ்ட்இமேஜ் கோப்பில் தீர்வு. கிளைப் பெயர்கள் இருக்காது, இரு பக்கமும் இடம் மாறியும் இருக்கலாம், குழம்ப வேண்டாம். அந்த ஹாஷ் ஃபோல்டரை மட்டும் நீக்கினால் போதும்.

கேள்வி: டீமில் மற்றவர்களும் இதைச் செய்யணுமா?

பதில்: இது புஷ்ஷில் போகாது. அவரவர் மெஷினில் தப்பான பதிவு இருந்தால் அவரவர்தான் துடைக்க வேண்டும். ரீரீரீ.ஆட்டோஅப்டேட் மட்டும் எல்லோருமே ஃபால்ஸில் வைத்திருங்கள். ட்ரூ என்றால் பழைய தீர்வு நேராக ஸ்டேஜுக்கே (அடுத்த கமிட்டுக்குத் தயாரான பட்டியலுக்கே) போய்விடும், கண்ணில் படாது.