ஒரே ஃபைல், இரண்டு ஹாஷ் ஏன் வருகிறது? – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதில் ஓடினாலும் ஒரு ஃபைலை ஹாஷ் வைத்து அடையாளம் காண்பது பற்றித்தான் எல்லாமே. ஃபைலின் பைட்டுகளை ஒன்று விடாமல் ஒரு கணக்கில் செலுத்தினால் கடைசியில் கிடைக்கும் குறிப்பிட்ட நீளமுள்ள எண்தான் ஹாஷ். ஒரு பைட் மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும்.

காலாப்பட்டிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, சி மொழியில் ஷா-256 என்ற ஹாஷ் கணக்கை எழுதினேன். லினக்ஸில் சரியாக வருகிறது. அதே புரோகிராம் விண்டோஸில் வேறு மதிப்பு தருகிறது. அல்காரிதத்தில் தப்பா?

அல்காரிதத்தில் கை வைக்க வேண்டாம் தம்பி. ஃபைலைத் திறக்கும் வரியைப் பாருங்கள். வெறும் 'ஆர்' என்று கொடுத்திருப்பீர்கள், 'ஆர்பி' என்று, அதாவது பைட்டுகளை மாற்றாமல் பைனரியாகப் படிக்கும்படி, இருக்க வேண்டும். லினக்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். விண்டோஸில் 'ஆர்' என்றால் டெக்ஸ்ட் மோட்: வரி முடிவைக் குறிக்க 13, 10 என்று அடுத்தடுத்து வரும் இரண்டு பைட்டுகளை 10 என்ற ஒரே பைட்டாகச் சுருக்கித்தான் உங்கள் கையில் தரும். இன்னொன்றும் செய்யும். 26 என்ற பைட்டைக் கண்டால் ஃபைல் முடிந்துவிட்டது என்று நின்றுவிடும். போட்டோவில் 26 எங்கே வேண்டுமானாலும் வரும். 4 எம்பி படத்தில் முதல் சில நூறு பைட்டுக்கு மட்டும் ஹாஷ் போட்டுவிட்டு, புரோகிராம் எந்த எர்ரரும் காட்டாமல் முடிந்திருக்கும். அதனால் ஹாஷை ஒப்பிடுவதற்கு முன்னால், எத்தனை பைட் படித்தோம் என்று எண்ணி ஃபைல் சைஸோடு பொருத்திப் பாருங்கள். இந்தப் பழக்கம் எனக்குப் பல இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஹாஷில் இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் வரும். இரண்டு ஹாஷ்களையும் உங்கள் புரோகிராமே ஒப்பிட்டால் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். விண்டோஸின் பவர்ஷெல் பெரிய எழுத்தில் காட்டும், லினக்ஸின் ஷா256சம் சின்ன எழுத்தில் காட்டும்.

லாஸ்பேட்டை, ஐடி வேலை: ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் இருக்கும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலுக்கு என் லேப்டாப்பில் ஒரு ஹாஷ், சர்வரில் வேறு ஹாஷ். யாரும் அதைத் தொடவில்லை.

அந்த கிட் மென்பொருளே தொட்டிருக்கும். அதில் ஆட்டோ-சிஆர்எல்எஃப் என்ற செட்டிங்கைப் போட்டிருந்தால் விண்டோஸில் ஃபைலை எடுக்கும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பைட் கூட்டிவிடும். சைஸ் வித்தியாசத்தைப் பாருங்கள். 400 வரி ஃபைலில் சரியாக 400 பைட் அதிகம் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். கிட்டுக்கு விதி சொல்லும் கிட்-ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில், இந்த செட்டிங்ஸ் ஃபைலுக்கு டெக்ஸ்ட் மாற்றம் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், போட்டோ ஸ்டுடியோ: சார், கடையில் விண்டோஸ், வீட்டில் பழைய மேக். இரண்டிலும் ஃபைல் பெயரையும் ஹாஷையும் பட்டியலாக எடுத்து ஒப்பிட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். 'மாசிமகம்', 'பாடலீஸ்வரர் தேர்' எல்லாம் பொருந்துகின்றன. 'பொங்கல்', 'கோபுரம்' மட்டும் காணவில்லை என்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் ஃபைல் இருக்கிறது!

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொருந்தாத பெயர்களை உற்றுப் பாருங்கள். ஒன்றில் 'பொ', இன்னொன்றில் 'கோ'. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வும் 'ோ' என்ற ஒரே குறியும் சேர்ந்தால், யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 6 பைட். 'க', இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தால் 9 பைட். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு வேறு பெயர்கள். பழைய மேக்குகளில் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க், பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் தனி 'ஔ'வுக்கும்தான் இந்தச் சிக்கல். 'தேர்' தப்பித்தது அதனால்தான்.

படத்தின் ஹாஷில் கோளாறு இல்லை. பெயர் அந்தக் கணக்கில் சேரவே சேராது. பெயரை ஒப்பிடும் இடத்தில், இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். பைத்தான் மொழியில் யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் அதற்கான ஃபங்ஷன் இருக்கிறது. தமிழில் பெயர் வைப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சரிசெய்ய வேண்டியது புரோகிராமைத்தான்.

அதே ஸ்டுடியோ: சிஆர்சி-32 என்ற கணக்கு வேகமாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது சார். அது 32 பிட்தான். சுமார் 77,000 ஃபைல் சேர்ந்தாலே எங்கேயாவது இரண்டு வெவ்வேறு படங்களுக்கு ஒரே எண் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. முகூர்த்தம் நிறைந்த வருஷத்தில் உங்கள் கடையே அந்த எண்ணிக்கையைத் தாண்டும். 'டூப்ளிகேட்' என்று நினைத்து யாரோ ஒருவருடைய தாலி கட்டும் படத்தை அழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. முதலில் சைஸை ஒப்பிடுங்கள். சைஸ் ஒன்றாக இருப்பவற்றுக்கு மட்டும் ஷா-256 போடுங்கள். வேகப் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

மஞ்சக்குப்பம், இளம் வக்கீல்: கட்சிக்காரர் தந்த வீடியோவுக்கு எம்டி5 என்ற ஹாஷ் போதுமா? அவர் போனில் ஒரு ஹாஷ், வாட்ஸ்அப்பில் எனக்கு வந்ததில் வேறு ஹாஷ்.

வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி மறுபடி எழுதுகிறது. உங்களிடம் இருப்பது வேறு ஃபைல். கேபிள் போட்டு மூலத்தை எடுங்கள், எடுத்த உடனே ஹாஷ் போட்டு எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்புக்கு இடம் இருக்கிறது. எம்டி5, ஷா-1, ஷா-256 மூன்றும் அதில் உண்டு. ஷா-256ஐயே எடுங்கள் என்பேன். வெவ்வேறு உள்ளடக்கத்துக்கு ஒரே எம்டி5 வரவைக்கலாம் என்று 2004இலேயே காட்டிவிட்டார்கள். 2017இல் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு பிடிஎஃப்களையும் வெளியிட்டார்கள். எதிர்த்தரப்பு அதைக் கேட்டால் நீங்கள் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அரியாங்குப்பம்: பைத்தானில் ஹாஷ் என்று ஒரு ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறதே?

அது பைத்தானில் டிக்ஷனரி என்ற தகவல் அட்டவணைக்கு உள்ளே பயன்படுவது. ஒரே வார்த்தைக்கு இன்று ஒரு எண் தரும், புரோகிராமை மூடித் திறந்தால் வேறு எண் தரும். ஹாஷ்லிப் என்ற மாட்யூல் பக்கம் போங்கள். ஃபைலை மொத்தமாக மெமரிக்கு இழுக்காமல் 1 எம்பி, 1 எம்பியாகப் படித்து ஊட்டுங்கள், 40 ஜிபி வீடியோவும் பழைய லேப்டாப்பில் ஓடும். பைத்தான் 3.11 முதல் அதற்கென்றே ஃபைல்-டைஜஸ்ட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அப்புறம், ஃபைலை பைனரியாகத் திறக்க மறக்காதீர்கள், காலாப்பட்டுத் தம்பிக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.