கணித நிறுவலை (proof) சரிபார்ப்பது யார்? வகைக் கோட்பாடு: கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையில் எங்கள் கணிதத் துறை அடுத்த வாரம் வகைக் கோட்பாட்டு (type theory) பயிலரங்கு ஒன்றை நடத்துகிறது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டை, பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவி: மேடம், கணங்களே எல்லாத்துக்கும் அடித்தளம்னு படிச்சிருக்கோம். அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?

1901-ல் கணித அறிஞர் ரஸ்ஸலுக்குத் தோன்றிய கேள்வியிலிருந்து ஆரம்பிம்மா. தனக்குத் தானே உறுப்பாகாத கணங்களையெல்லாம் ஒரே கணமாகச் சேர்த்தால், அது தனக்குள் இருக்குமா? இருந்தால் இல்லை, இல்லாவிட்டால் இருக்கிறது. இதற்கு 1908-ல் இரண்டு வழிகள் வந்தன. எந்தக் கணங்களை உருவாக்கலாம் என்று செர்மெலோ என்ற கணிதவியலாளர் அடிகோள்கள் (axioms) வகுத்தார். ரஸ்ஸலோ பொருள்களை வகை பிரித்து, அப்படி ஒரு கேள்வியை எழுதவே முடியாதபடி செய்தார். '2 என்பது 3-இன் உறுப்பா?' என்று கணக் கோட்பாட்டில் கேட்கலாம். ஒவ்வோர் எண்ணையும் அதைவிடச் சிறிய எண்களின் கணமாகக் கொள்ளும் வான் நியூமன் முறையில் 'ஆம்' என்று பதிலும் வரும். எண் கணிதம் செய்யும் யாருக்கும் அந்தப் பதில் வேண்டாம். வகைக் கோட்பாட்டில் 3 ஓர் எண், அவ்வளவுதான்.

பெரம்பூர், ஐ.டி. ஊழியர்: ப்ரோக்ராமும் நிறுவலும் ஒண்ணுதான்னு சொல்றாங்களே, அது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'அ-வும் ஆ-வும் உண்மை எனில், ஆ-வும் அ-வும் உண்மை' என்ற கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'அ-வும் ஆ-வும்' என்பதற்கு நிறுவல் ஒரு ஜோடி: முதலில் அ-வின் நிறுவல், அடுத்து ஆ-வின் நிறுவல். அந்த ஜோடியை வாங்கி, இடம் மாற்றித் தரும் ஃபங்ஷனை ஒரே வரியில் எழுதிவிடுவீர்கள். அந்த ஃபங்ஷன்தான் நிறுவல். அதன் டைப்தான் தேற்றம். ஒரே நிபந்தனை, அது எந்த உள்ளீட்டுக்கும் முடிந்தாக வேண்டும். முடிவில்லாத லூப்பை அனுமதித்தால் எதை வேண்டுமானாலும் 'நிறுவி' விடலாம். தர்க்கவியலாளர்கள் கரியும் ஹோவர்டும் கண்ட இந்த ஒற்றுமையை, 1970-களில் மார்ட்டின்-லோஃப் என்ற தர்க்கவியலாளர் கணிதம் முழுவதற்குமான அடித்தளமாக வளர்த்தார்.

ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: √2 விகிதமுறா எண்ணுன்னு முரண்பாட்டு முறையிலதான் நடத்தினேன். அது இங்கே செல்லாதாமே?

தாராளமாகச் செல்லும் ஐயா. 'விகிதமுறு அல்ல' என்பதன் பொருளே, விகிதமுறு என்று கொண்டால் முரண்பாடு வரும் என்பதுதானே. சிக்கல் வேறு இடத்தில். இரண்டு விகிதமுறா எண்களில் ஒன்றை மற்றதன் அடுக்காக வைத்தால் விகிதமுறு எண் வருமா? √2-இன் அடுக்காக √2-ஐ வையுங்கள். விகிதமுறு எண் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால், வந்ததற்கு மறுபடி √2-ஐ அடுக்காக வைத்தால் 2 கிடைக்கும். நிறுவியாயிற்று, ஆனால் எந்த ஜோடி என்று அந்த நிறுவல் சொல்லவில்லை. வகைக் கோட்பாடு ஜோடியைக் காட்டச் சொல்லும். காட்டவும் முடியும்: √2-க்கு, 2-ஐ அடிமானமாகக் கொண்ட 9-இன் மடக்கையை அடுக்காக வைத்தால் 3. பழைய வழியே வேண்டுமென்றால், 'ஒரு கூற்று உண்மை, இல்லையேல் அதன் மறுப்பு உண்மை' என்ற விதியைத் தனி அடிகோளாகச் சேர்த்துக்கொள்ளலாம். நிறுவல்களைச் சரிபார்க்கும் மென்பொருளான லீனில் (Lean) பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

வியாசர்பாடி, எம்.எஸ்சி. மாணவர்: பெரிய கணித மேதைங்களுக்கு எதுக்கு மேடம் கம்ப்யூட்டர்?

வோவோட்ஸ்கி, கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2002-ல் வாங்கியவர். அவரும் கப்ரனோவ் என்ற கணிதவியலாளரும் 1991-ல் வெளியிட்ட ஒரு முடிவுக்கு, 1998-ல் சிம்ப்சன் என்ற இன்னொரு கணிதவியலாளர் எதிர்ச்சான்று எழுதினார். தவறு இருக்கிறது என்று வோவோட்ஸ்கி உறுதியாக ஏற்றது 2013-ல்! இந்த மாதிரி அனுபவங்கள்தான் அவரைக் கணினிச் சரிபார்ப்புக்குக் கொண்டுவந்தன. இன்னொரு பதக்கக்காரர் ஷோல்ட்சே, தன் தேற்றம் ஒன்றைச் சரிபார்த்துத் தரும்படி 2020 டிசம்பரில் கேட்டார். லீன் குழு 2022 ஜூலையில் முடித்துக் கொடுத்தது. எழுதியவர் யார், எந்தக் கல்லூரி என்று லீன் கேட்பதில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை, தம்பி.

திருவொற்றியூர், ஒரு தாய்: பையன் பிளஸ் டூ. அனுப்பலாமா? லேப்டாப் வேணுமா?

அனுப்புங்கம்மா. லீன் இலவசம், பிரவுசரிலேயே ஓடும். துறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. முதல் நாளைத் தவறவிட வேண்டாம். மேலே சொன்ன ஜோடி மாற்றும் நிறுவலை அன்றைக்கு எல்லோரும் அவரவர் கையால் எழுதுவோம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.