45 பவுண்டு நெடுவில்லுக்கு எந்த அம்புத்தண்டு வாங்கலாம்?

ஓசூரில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது 28 அங்குல இழுப்புக்கு 45 பவுண்டு என்று எழுதப்பட்ட மர நெடுவில், அதாவது லாங்போ. உங்கள் இழுப்பு 27 அங்குலம், வலக்கைப் பழக்கம். கார்பன், சிடார் மரம், மூங்கில் ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்பது கேள்வி.

எந்தப் பொருள் என்பதைப் பிறகு பார்க்கலாம். தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதை முதலில் பாருங்கள். லாங்போவின் நடுவில் அம்புக்கென்று வெட்டிய இடம் ஏறக்குறைய இருப்பதே இல்லை. அம்பு பிடியின் பக்கவாட்டில் கிடக்கிறது; நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. ஆகவே விடுபட்ட கணத்தில் அம்பு வில்லைச் சுற்றி வளைந்து, கடந்தபின் நிமிர்ந்தால்தான் குறிக்குப் போகும். இந்த வளையும் தன்மையைத்தான் ஸ்பைன் என்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் சற்று வெட்கத்துக்குரியது. என்னுடைய முதல் வில் 40 பவுண்டு. விற்றவர் எல்லாருக்கும் இதுதான் என்று சொல்லி 400 ஸ்பைன் எண் போட்ட கார்பன் அம்புகளைக் கொடுத்தார். கிருஷ்ணகிரிக்கு அருகில் எங்கள் மாந்தோப்பில் 15 மீட்டரில் இருந்து விட்டால், ஒவ்வோர் அம்பும் ஒரு சாண் இடப்பக்கம் போய்க் குத்தியது. இரண்டு மாதம் என் விரல்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வில்லைத் துடைக்கும்போதுதான், அம்பு உரசும் இடத்தில் ஒட்டியிருந்த தோல் ஒரே கோட்டில் தேய்ந்து பளபளத்ததைக் கண்டேன். விடும்போதெல்லாம் கேட்ட ‘டக்’ சத்தத்துக்கும் காரணம் புரிந்தது: என் வில்லுக்கு அந்தத் தண்டு மிக விறைப்பு, வளையாமல் வில்லில் இடித்துக்கொண்டிருந்தது. வலக்கைக்காரருக்கு விறைத்த அம்பு இடப்பக்கமும், தொய்ந்த அம்பு வலப்பக்கமும் விலகும்.

இனி உங்கள் கணக்கு. இழுப்பில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு குறையும் என்பதால், உங்கள் விரலில் விழுவது 42 அல்லது 43 பவுண்டுதான். மரத்தண்டு என்றால் 40–45 ஸ்பைன் கட்டைக் கேளுங்கள். கார்பன் என்றால் 600 எண்ணை முழு நீளத்தில் வாங்கி, 125 கிரெயினோ (ஏறத்தாழ 8 கிராம்) அதற்குச் சற்று மேலோ முனை போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் நறுக்கிக் குறைத்து வாருங்கள். நீளம் குறைந்தால் தண்டு விறைக்கும். முனை கனத்தால் தொய்யும். மரத்தில் எண் கூடினால் விறைப்பு கூடும், கார்பனில் எண் கூடினால் விறைப்பு குறையும் என்பதை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மரத்தண்டின் ஸ்பைனை வீட்டிலேயே அளக்கலாம். பலகையில் 26 அங்குல இடைவெளியில், அதாவது 660 மில்லிமீட்டரில், இரண்டு ஆணி அடித்துத் தண்டை அவற்றின்மேல் கிடத்துங்கள். மளிகைக்கடைத் தராசில் வைத்து, மொத்தம் 907 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றிய பாட்டிலைத் தண்டின் நடுவில் தொங்கவிடுங்கள். தண்டு எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறதோ, அந்த எண்ணால் 660ஐ வகுத்தால் ஸ்பைன் கிடைக்கும்: 15 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 44 பவுண்டு. ஒரு டஜனை இப்படி அளந்தபோது, ஒரே கட்டில் வந்த தண்டுகளுக்குள் 10 பவுண்டு வேறுபாடு இருந்ததை நான் கண்டிருக்கிறேன். மரத்தின் ரேகை முனை முதல் வால் வரை நேராக ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்தத் தண்டை ஒதுக்கிவிடுங்கள், அது உடைந்தால் வில் பிடித்த கையில் ஏறும். நாண் கோக்கும் பள்ளம் ஆண்டு வளைய ரேகைகளுக்குக் குறுக்கே அமைய வேண்டும்.

எடையையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பவுண்டுக்கு 10 கிரெயின் என்ற கணக்கில், உங்கள் அம்பு முழுதாக 430 கிரெயின், அதாவது 28 கிராம் இருப்பது நல்லது. மிக இலேசான அம்பு மர வில்லுக்குக் கேடு, ஏறக்குறைய அம்பே இல்லாமல் நாணை விட்டதுபோல.

மூங்கில் எனக்குப் பிடித்தமானது. இந்தப் பக்கத்து நடுகற்களில் வில்லேந்தி நிற்கும் வீரர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுடைய அம்பு மூங்கிலா மரமா என்று யோசிப்பேன். கல்லில் அது தெரிவதில்லை. ஆனால் அஞ்செட்டிக் காட்டில் போய் வெட்டலாம் என்று நினைக்க வேண்டாம். மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கிய 2017ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத் திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்குத்தான் பொருந்தும். பட்டா நிலத்து மூங்கில் கிடைத்தால், நிழலில் சில மாதம் காயவைத்து, தணலில் காட்டி நிமிர்த்தி, கணுக்களைத் தேய்த்து, தடித்த பக்கத்தை முனையாக வையுங்கள். ஒவ்வொரு குச்சியும் ஒரு தினுசாக வளையும் என்பதால், முப்பதை அளந்தால் ஆறு தேறும். முதல் அம்புக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

சிடார் தண்டில் ஆறு மட்டும் வாங்குங்கள். அவற்றில் இரண்டுக்கு இறகு ஒட்டாமல், ஆடிக் காற்று ஓய்ந்தபின் ஒரு விடியற்காலையில் 10 மீட்டரில் இருந்து இறகுள்ளவற்றோடு சேர்த்து விடுங்கள். இறகில்லாதது வலப்பக்கம் குத்தினால் தண்டு தொய்வு, இடப்பக்கம் குத்தினால் விறைப்பு. இறகுள்ளதும் இறகில்லாததும் அருகருகே குத்தினால் அந்த எண்ணிலேயே மீதி டஜனை வாங்கிக்கொள்ளலாம்.