மகள் கமரா தூக்கப் போகிறாள் என்று கலங்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

போன கிழமை மகள் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி, "நிமலராஜனுக்கு நடந்தது தெரியும்தானே?" என்று கேட்டீர்கள். தெரியும். அவர் ஊடகவியலாளர். 2000 ஒக்டோபர் 19 இரவு யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டிலேயே அவரைக் கொன்றார்கள். 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். உங்கள் பயத்தை வீண் பயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனாலும் நீங்கள் விரும்புவதுபோல் அவளை ஊடகத்துறையிலிருந்து கணக்கியல் பக்கம் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் எடுத்த நான்கு நிமிட வீடியோதான் காரணம். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு ஒரு தாய் வீதியோரம் அமர்ந்திருக்கிறார். லமினேற் செய்த படத்தில் படிந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறார். கைகள் மட்டுமே தெரிகின்றன. ஏன் என்று கேட்டேன். "முகம் வேண்டாம் என்று அவர் சொன்னார்" என்றாள். பல வருடம் இத்தொழிலில் இருப்பவர்கள் சிலரிடம்கூட நான் காணாத கவனம் இது.

யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். சிங்களத்தை இப்போதே தொடங்க வேண்டும்.

பட்டத்தைவிட நான் வற்புறுத்துவது சட்ட அறிவை. மியன்மாரில் ஊடகவியலாளரும் ஆவணப்பட இயக்குநருமான ஷின் தேவே, ஒரு ட்ரோனைப் பெற்றுக்கொண்டதற்காகக் கைதாகி, 2024 ஜனவரியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை பெற்றார். பெரும் அநியாயம் அது. அடக்குமுறை ஆட்சி படத்தில் குற்றம் காணாவிட்டால் கருவியில் காணும். இங்கும் ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மகள் அதைத் தொடக்கூடாது. எடுத்த காட்சிகளுக்கு அன்றன்றே இரண்டாவது பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்கப் பழகட்டும். தனியாகப் போவதானால் போகும் இடத்தை உங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கையில் எடுக்கட்டும். காரணம் சொல்லாமலே அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். உங்கள் பிரதேச சபை வீதிக் கணக்கைக் கேட்டு முதல் விண்ணப்பத்தை அவளே எழுதட்டும்.

வருமானத்துக்குத் தொடக்கத்தில் கலியாண வீட்டு வீடியோ எடிட்டிங் கை கொடுக்கும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சனிக்கிழமை தகப்பனையும் கூட்டி வாருங்கள். அந்த வீடியோவை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று மகள் சொன்னாள். வருவதற்கு முன் அவளோடு இருந்து ஒருமுறை பாருங்கள்.