வைஃபை அலையைக் கொண்டு அறைக்குள் ஆளின் இடம் அறிவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: ஜிபிஎஸ் இருக்கும்போது இதற்கு வைஃபை எதற்கு?

பதில்: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் அலை தரைக்கு வரும்போதே மிகவும் மெலிந்துவிடுவதால், கூரையையும் சுவரையும் கடந்த பிறகு அதை நம்பி இடம் சொல்ல முடியாது.

கேள்வி: சிக்னலின் வலிமையைக் கொண்டே தூரத்தைக் கணக்கிடலாமே, ஐயா? நியூரல் நெட்வொர்க் (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) ஏன் தேவைப்படுகிறது?

பதில்: திறந்த வெளியில் ஓரளவு கணக்கிடலாம். அறைக்குள்ளோ, நேராக வரும் அலையோடு சுவரிலும் தரையிலும் இரும்பு அலமாரியிலும் பட்டுத் தெறித்த அலைகளும் வந்து கலக்கின்றன; அவை ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால், ஃபோனை நான்கு விரற்கடை நகர்த்தினாலே அளவு மாறிவிடலாம். இதைச் சூத்திரத்தில் அடக்குவது கடினம். ஆனால், இந்தக் கலவை ஒவ்வோரிடத்திற்கும் ஒரு கைரேகை போல அமைகிறது. 2000-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ரேடார்’ என்னும் முறை, இடந்தோறும் வலிமையை அளந்து பட்டியலிட்டு, புதிய அளவை அதனோடு ஒப்பிட்டது. நியூரல் நெட்வொர்க் அந்தப் பட்டியலுக்குப் பதிலாக, அளவுக்கும் இடத்திற்கும் உள்ள தொடர்பையே கற்றுக்கொள்கிறது.

கேள்வி: கையில் ஃபோனே இல்லாதவரையும் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். உடலில் பெரும்பகுதி நீர் என்பதால், நாம் நிற்பதே அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் கலவையை மாற்றிவிடுகிறது. இதற்கு மொத்த வலிமை என்ற ஒற்றை எண் போதாது. 802.11என் என்னும் வைஃபை தரத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை 56 துணை அலைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றின் வீச்சையும் (அலையின் உயரம்) கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) நேர வரிசையில் அடுக்கினால் படம் போன்ற ஓர் அட்டவணை கிடைக்கும். படங்களை அறியப் பயன்படும் அதே வகை நெட்வொர்க் அதைப் படித்து, ஆள் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. அனுப்பும் கருவியின் கடிகாரமும் பெறும் கருவியின் கடிகாரமும் ஒத்துப்போகாததால், கட்டத்தை அப்படியே ஊட்டக் கூடாது; ஒரே கருவியின் இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையேயுள்ள கட்ட வேறுபாட்டை எடுத்தால் அந்தப் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும்.

கேள்வி: நான் பயிற்றுவித்த மாடல், சோதனையில் மிக நன்றாக வந்தது. மேசையை இடம் மாற்றிய மறுவாரமே தடுமாறுகிறது. எங்கே தவறினேன்?

பதில்: அநேகமாகத் தரவைப் பிரித்த விதத்தில். ஒரே நொடியில் வந்த பாக்கெட்டுகளை (வைஃபை அனுப்பும் தரவுத் துணுக்குகளை) குலுக்கிப் பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்திருந்தால், மாடல் முன்பே கண்ட விடையைத்தான் திரும்பச் சொல்லியிருக்கும். அது கற்றது அந்த நாளின் எதிரொலிகளை. மேசை நகர்ந்ததும் எதிரொலியும் மாறிவிட்டது. ஆகவே நாள்வாரியாகப் பிரித்து, பயிற்சியில் சேராத ஒரு நாளில் சோதித்துப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தாலும் அதுவே உண்மையான மதிப்பெண். இத்துறையில் வரும் எந்த முடிவைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த விவரத்தைத்தான்.

கேள்வி: ஓர் அறையில் இரண்டு பேர் இருந்தால்?

பதில்: மிகவும் கடினமாகிவிடும்; இருவர் மீதும் பட்டு வரும் எதிரொலிகளைத் தனித்தனியே பிரித்தறிய வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில், பாதை நீளம் சுமார் 15 மீட்டருக்குக் குறைவாக வேறுபடும் எதிரொலிகளை நேரத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. 160 மெகாஹெர்ட்ஸில் அந்த எல்லை 2 மீட்டருக்கும் சற்றுக் கீழே இறங்குகிறது. எனவே அகலமான அலைவரிசையும் கூடுதல் ஆன்டெனாக்களும் உள்ள கருவியை முதலில் தேர்ந்தெடுங்கள். நெட்வொர்க்கைப் பெரிதாக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.