ஈஸ்போர்ட்ஸை, அதாவது கம்ப்யூட்டரிலும் போனிலும் கேம்களைப் போட்டியாக ஆடுவதை, பள்ளி, கல்லூரியில் தொழிற்கல்வியாகச் சொல்லிக்கொடுக்கலாமா? மதுரைப் பக்கம் அதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

கேட்டிருப்பவர் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். மகன் பத்தாவது எழுதியிருக்கிறான். ஈஸ்போர்ட்ஸ் படிப்பில் சேர்த்துவிடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். வெளிநாட்டில் பள்ளிக்கூடத்திலேயே இதைத் தொழிற்கல்வியாக வைத்திருக்கிறார்கள் என்கிறானே, அது உண்மையா, நம் ஊர்ப் பிள்ளைக்கு அது சோறு போடுமா என்று கேட்கிறார்.

உண்மைதான் அக்கா. நம் ஊரிலும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் ஆட்டக்காரனைத் தயார் செய்கிற படிப்பாக அது இருந்தால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். ஒரு போட்டியை நடத்த, ஒளிபரப்ப, மைக்கில் வர்ணிக்க, புள்ளிக் கணக்கு வைக்க, நெட்வொர்க் பார்க்க எத்தனையோ கை வேண்டும். அந்த வேலைகளைக் கற்றுத்தருகிற படிப்பாக இருந்தால் நம் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள்.

நான் மதுரையில் கல்யாண லைவ், திருவிழா லைவ், கல்லூரி விழா எல்லாம் எடுக்கும் ஒரு யூனிட்டில் வேலை பார்க்கிறேன். ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகளுக்கு லைவ் புரொடக்‌ஷன் வகுப்பும் எடுக்கிறேன். இப்போதெல்லாம் கல்லூரி கல்ச்சுரல்ஸ் என்றால் பாட்டு, நடனத்தோடு கேமிங் போட்டியும் சேர்ந்தே வருகிறது. அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் வெளிநாட்டுக் கதை. பிரிட்டனில் பியர்சன் நிறுவனம் 2020-ல் ஈஸ்போர்ட்ஸுக்கு ஒரு பீடெக் படிப்பைக் கொண்டுவந்தது. நம்மூர் இன்ஜினியரிங் பி.டெக். வேறு, இது வேறு. பத்தாவது முடித்த வயதில் அங்கே பிள்ளைகள் எடுக்கிற தொழிற்கல்விச் சான்றிதழ் இது. பிரிட்டிஷ் ஈஸ்போர்ட்ஸ் அமைப்போடு சேர்ந்து பாடத்திட்டம் போட்டார்கள். மூன்றாம் நிலையில் சின்னச் சான்றிதழும் உண்டு, 1080 மணி நேரம் வகுப்பு வைக்கிற முழு டிப்ளமோவும் உண்டு. முழு டிப்ளமோவை அங்கே மூன்று ஏ-லெவல் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) பாடங்களுக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை வைத்துக் கல்லூரியிலும் சேரலாம். சீனா இன்னும் முன்னாலேயே போய்விட்டது. தொழிற்கல்லூரிகளுக்கான பாடப் பட்டியலில் ஈஸ்போர்ட்ஸையும் அதன் நிர்வாகத்தையும் 2016-லேயே சேர்த்துவிட்டார்கள். 2019-ல் அதை அரசாங்கமே ஒரு தொழிலாக அங்கீகரித்தது.

பிரிட்டன் பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் மகனையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்ட நுட்பமும் வியூகமும் அதில் ஒரு பகுதி மட்டுமே. நிகழ்ச்சி நடத்துவது, நேரலை ஒளிபரப்பு, வீடியோ எடிட்டிங், வர்ணனை, பயிற்சியாளர் வேலை, உடல் நலம், வியாபாரம், சட்டம் என்றுதான் மீதியெல்லாம் போகிறது. ராத்திரி பகலாகக் கேம் ஆடினால் சர்டிபிகேட் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவன் முதல் மாதத்திலேயே திரும்பி வந்துவிடுவான்.

ஆட்டக்காரனாக ஆக வேண்டும் என்பதையே லட்சியமாக வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திறமை இல்லை என்று சொல்லவில்லை. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈஸ்போர்ட்ஸைப் பதக்கப் பட்டியலில் சேராத காட்சிப் போட்டியாக வைத்தபோது, குஜராத்தின் பூஜ் ஊரைச் சேர்ந்த தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் வெண்கலம் வாங்கினார். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதுவே பதக்கப் போட்டி ஆனது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் நம் அணி காலிறுதி வரை போனது. அதெல்லாம் பெருமைதான். ஆனால் அந்த உயரத்தில் நிற்கிறவர்கள் நாடு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கைப்பிடி. விரல் வேகமும் கண் வேகமும் இருபத்தைந்து வயதைத் தாண்டியதும் இறங்க ஆரம்பித்துவிடும் என்பது அந்தத் துறைக்காரர்களே சொல்வது.

அதைவிடப் பெரிய காரணம், அந்த ஆட்டமே நம் கையில் இல்லை. கபடியை யாரும் தடை செய்து பூட்ட முடியாது, நாலு பேர் சேர்ந்தால் கோடு போட்டு ஆடலாம். கேம் அப்படி இல்லை, அது ஒரு கம்பெனியின் சொத்து. பப்ஜி மொபைல் என்ற போன் கேமை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அதற்குப் பதிலாக 2021-ல் வந்த பிஜிஎம்ஐ-யை 2022 ஜூலையில் முடக்கியது. 2023 மே மாதம்தான் அது திரும்ப வந்தது. இடையில் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் ஆட்டக்காரன் சும்மா இருந்தான். ஒளிபரப்பும் எடிட்டிங்கும் தெரிந்தவன் வேறு நிகழ்ச்சிக்குப் போய்ச் சம்பாதித்தான். நான் கண்ணால் பார்த்தது இது. ஒரே ஒரு கேமை நம்பிப் பாடம் நடத்தினால், அந்தக் கேம் போகிற அன்று பாடமும் போய்விடும்.

சூதாட்டத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு பயப்படும் பெற்றோர் நிறையப் பேர் உண்டு. ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்தவர்கள் நாம், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சட்டமே இப்போது கோடு போட்டுவிட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ஈஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடுவதை மொத்தமாகத் தடை செய்துவிட்டு ஈஸ்போர்ட்ஸைத் தனியாக விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டது. போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வாங்கலாம், ஜெயித்தவனுக்குப் பரிசு கொடுக்கலாம். ஆட்டத்தின் மேல் யாரும் பந்தயம் கட்டக் கூடாது. பள்ளியில் இந்தப் பாடம் வந்தால் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோரையும் அன்றைக்கு வகுப்பில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

இதில் என்ன தொழில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, ஒரு கல்லூரி ஆடிட்டோரியத்தில் போட்டி நடக்கிற நாளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பிஜிஎம்ஐ மாதிரி, சுருங்கிக்கொண்டே வரும் எல்லைக்குள் (அதைத்தான் ஜோன் என்பார்கள்) கடைசிவரை தாக்குப்பிடிக்கிற ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிக்கு நாலு பேர், பதினாறு அணி, ஆக 64 போன். கேம் இழுக்கிற டேட்டா கொஞ்சம்தான், சாதாரண இணைப்பே தாங்கும். அப்படியும் பிங் (போனுக்கும் கேம் சர்வருக்கும் நடுவே ஆகும் தாமதம்) ஏறிவிடும், ஆள் நின்ற இடத்திலேயே உறைந்து நிற்பான், "அண்ணே லாக் அடிக்குது, மேட்ச்ச நிறுத்துங்க" என்று நாலு பக்கமும் கத்துவார்கள். காரணம் காற்றில் இருக்கும். அத்தனை போனும் ஒரே வைஃபை பெட்டியைப் பிடித்துத் தொங்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போட்டிருக்கிற ஹாட்ஸ்பாட் எல்லாம் அதே அலைவரிசையில் குறுக்கே விழும். போதாததற்கு யூடியூப் லைவும் அதே லைனில் மேலே ஏறிக்கொண்டிருக்கும். நல்ல தரத்தில் லைவ் போக நொடிக்கு 6 மெகாபிட் அளவுக்கு அப்லோட் வேண்டும். அதை ஆட்டக்காரர்களின் லைனில் விட்டால் அவ்வளவுதான். ஹாலை நாலு பாகமாகப் பிரித்து பாகத்துக்கு ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பெட்டி), ஒவ்வொன்றுக்கும் வேறு சேனல், லைவுக்குத் தனி லைன், யுபிஎஸ். இதைச் செய்யத் தெரிந்த பையனை எந்த ஆஸ்பத்திரியும், எந்த மண்டபமும், எந்த ஐடி கம்பெனியும் வேலைக்கு எடுக்கும். நெட்வொர்க் பாடத்தைப் புத்தகத்தில் படித்துத் தூங்கிய பிள்ளைகள், அன்றைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாகச் சிக்னல் அளக்க ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் புள்ளிக் கணக்கு. முதல் இடத்துக்கு 10, அடுத்து 6, 5, 4 என்று இறங்கும், வீழ்த்திய ஒவ்வொரு ஆளுக்கும் ஒன்று கூடும். மேட்ச் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பதினாறு அணிக்கும் எக்செல் ஷீட்டில் ஏற்றி, அதைத் திரையில் கிராபிக்ஸாகக் கொண்டுவர வேண்டும். ஒரு எண் தப்பினால் ஹாலே எழுந்து நிற்கும். கேமராமேன் வேலையை இங்கே அப்சர்வர் செய்வார். எங்கே சண்டை வெடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து அந்த ஆட்டக்காரனின் பார்வைக்கு மாற்ற வேண்டும். லைவ் என்று சொன்னாலும் சில நிமிடம் தாமதித்துத்தான் வெளியே விட வேண்டும். விடாவிட்டால் யாராவது யூடியூபைப் பார்த்து எதிரணி ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வர்ணனை. நம் மண்ணுக்கு இது புதுசே கிடையாது. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பொங்கல் சமயத்தில் மைக் பிடிக்கிறவரைக் கவனித்துக் கேளுங்கள். வாடிவாசல் திறக்கும்போதே யார் மாடு, எந்த ஊர் மாடு என்று சொல்லிவிடுவார். "ஒருத்தரு மட்டும் புடிங்கப்பா, வாலப் புடிக்காதீங்க" என்று விதியையும் சொல்வார். மாடு ஜெயித்ததா, வீரர் ஜெயித்தாரா என்று கண் இமைக்கும் நேரத்தில் தீர்ப்பும் சொல்லி, பரிசு யார் உபயம் என்பதையும் சேர்த்துவிடுவார். அடுத்த மாடு வர நேரமானால் பேச்சிலேயே கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பார். ஈஸ்போர்ட்ஸ் வர்ணனையாளர் வேலை அப்படியே இதுதான்.

வகுப்பில் பழைய மேட்ச் ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பிள்ளைகளைத் தமிழில் பேசச் சொல்வேன். ஆரம்பத்தில் எல்லோரும் "அவன் அங்க போறான், சுடுறான், செத்துட்டான்" என்றுதான் பேசுவார்கள். ரேடியோவில் கேட்கிறவனுக்கும் புரிய வேண்டும், யாரு, எங்க, எதுக்குன்னு சொல்லு என்று பிடித்து நிறுத்துவேன். கருமாத்தூர்ப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு மாணவி, வகுப்பில் வாயே திறக்காதவள். ஒரு நாள் மைக்கைக் கொடுத்ததும், "ஜோன் சுருங்குது, கிழக்கால இருந்து வர்ற நாலு பேருக்கும் பாலத்தத் தவிர வழியில்ல, பாலத்துல ஏற்கெனவே ஆளு உக்காந்துருக்கு" என்றாள். வகுப்பே திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. அவள் வீட்டில் கேம் என்று சொன்னால் விட மாட்டார்கள், லைவ் புரொடக்‌ஷன் கோர்ஸ் என்றதால் விட்டிருக்கிறார்கள். இப்போது கல்லூரி விழாவுக்கெல்லாம் அவள்தான் தொகுப்பாளர்.

மதுரையில் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். முழுநேர ஈஸ்போர்ட்ஸ் வேலை என்று தேடினால் இங்கே அரிது. அந்த நிறுவனங்கள் சென்னை, பெங்களூரு, மும்பை, குருகிராம் என்று இருக்கின்றன. ஆனால் ஒரு மேட்சை லைவ் போடத் தெரிந்தவனுக்கு மதுரையில் முகூர்த்த நாளில் ஓய்வே கிடையாது. துபாயில் இருக்கும் அண்ணனுக்கும் சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கும் கல்யாணத்தை லைவ் காட்டாத மண்டபம் இப்போது எங்கே இருக்கிறது? மூன்று கேமரா, கேமராக்களை மாற்றிக் காட்டும் ஸ்விட்ச்சர், எல்இடி வால், லைவ் விடுகிற ஓபிஎஸ் மென்பொருள், ஆடியோ மிக்சர், எல்லாம் அதே சாமான்கள். சித்திரைத் திருவிழா, கிராமத்துக் கபடிப் போட்டி, அரசியல் கூட்டம், பள்ளி ஆண்டு விழா என்று வருஷம் முழுக்க ஓடுகிறது. அதனால் இந்தப் படிப்பு நல்லதா என்று அளக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான். படித்து முடித்த பையன் மறுநாள் காலை ஒரு மண்டபத்துக்குப் போய்த் தனியாக லைவை எடுத்துக் கொடுக்க முடிகிறதா?

நம் பாடத்திட்டத்தில் எங்கே வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிளஸ் ஒன்னில் ஏற்கெனவே தொழிற்கல்விப் பிரிவுகள் இருக்கின்றன. அதில் இன்னொரு தனிப் பிரிவாக இதைச் சேர்க்கக் கூடாது. பதினைந்து வயதில் ஒரு பிள்ளையை ஒரே துறையில் அடைத்துவிட்டால் பின்னால் மாற நினைக்கும்போது வழி குறுகிவிடும். பள்ளியில் வாரம் சில மணி நேரம் விருப்பப் பாடமாக வைக்கலாம். சான்றிதழ் படிப்பாக வைக்கச் சரியான இடம் கே.புதூர் மாதிரி அரசு ஐடிஐ-க்களும் பாலிடெக்னிக்குகளும்தான். பட்டறைப் பழக்கம் அங்கேதான் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகத் திறன் பயிற்சியாகக் கொண்டுவரலாம். கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று லட்ச ரூபாயைத் தொடும் என்பதற்காக யாரும் மலைக்க வேண்டாம். ஓபிஎஸ் இலவசம். வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு ஒன்று, இரண்டு மைக், ஒரு மிக்சர், நல்ல கம்ப்யூட்டர் இரண்டு இருந்தால் தொடங்கிவிடலாம். பள்ளியில் சுடுகிற ஆட்டம் வேண்டாம். காரை ஓட்டிக் கோல் போடுகிற ராக்கெட் லீக், கால்பந்து கேம், ஆன்லைன் செஸ் போதும். பிரிட்டனில் மாணவர் போட்டிகளில்கூட ராக்கெட் லீக் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் மைதானத்தில் ஓடுவதும் பாடத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு, கழுத்து, கண், தூக்கம் நாலும் கெட்டுப்போன ஆட்டக்காரர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் மகன். பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ள குரூப்பில் சேருங்கள், கணக்கு கஷ்டம் என்றால் காமர்ஸோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் எடுக்கட்டும். தனியார் சென்டர் யாராவது "ஆறு மாதத்தில் புரோ பிளேயர் ஆக்குகிறோம்" என்றால் பணம் கட்ட வேண்டாம். சான்றிதழை யார் தருகிறார்கள், எந்த அரசு அமைப்பு அதை ஏற்கிறது, முன்னால் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். லீவில் உசிலம்பட்டியிலேயே ஒரு வீடியோ யூனிட்டில் கேபிள் சுற்றுகிற வேலைக்கு அவனை அனுப்பிப் பாருங்கள். விடிகாலை முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கு எழுந்து போய், மண்டபத்தில் வயர் இழுத்து, அப்படியும் மறுநாள் போகிறேன் என்றானானால் பிளஸ் டூ முடித்ததும் விஸ்காமோ நெட்வொர்க்கிங் டிப்ளமோவோ தாராளமாகச் சேர்க்கலாம். ஈஸ்போர்ட்ஸ் பாடம் நம் பக்கம் அதற்குள் வந்துவிட்டால் அதையும் சேர்த்துப் படிக்கட்டும்.