கேளுங்க, சொல்றேன்: ஃபார்வர்டு, ரீல்ஸ், வதந்தி

இந்தத் தடவை வந்த கடிதம், மெயில் எல்லாத்துலயும் போன்தான் பேச்சு. அதனால வேற விஷயத்த எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு, இத மட்டும் எடுத்துக்கறேன்.

தென்காசி வாசகி ஒருத்தர்: எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல பெரியப்பா கண்டதையும் அனுப்பறார். போன வாரம் குழந்தை கடத்தற கும்பல் வந்திருக்குன்னு ஒரு வீடியோ. பொய்னு சொன்னேன், பெரியவங்கள எதிர்த்துப் பேசறியான்னு எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. பேசாம விட்டுடட்டுமா?

விடாதீங்கம்மா. வெந்நீர்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சா சர்க்கரை போயிடும்ங்கற மாதிரி வர்றதுக்கெல்லாம் தினமும் சண்டை போட முடியாதுதான், ஆனா குழந்தை கடத்தல் வீடியோன்னு வந்துட்டா சும்மா இருக்கவே கூடாது, ஏன்னா இதனால நம்ம மாநிலத்துலயே உயிர் போயிருக்கு. 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். சென்னையில இருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோவிலுக்கு கார்ல வந்தாங்க. போற வழியில நிறுத்தின இடத்துல விளையாடிட்டிருந்த பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. அவங்க செஞ்சது அவ்வளவுதான். ஊரே திரண்டு வந்து அடிச்சதுல 65 வயசு அம்மா ஒருத்தர் செத்துப்போயிட்டாங்க, கூட வந்தவங்களுக்கும் பலத்த அடி. அதே நாட்கள்ல பழவேற்காட்டுல ஒருத்தர அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க.

இத நினைக்கறப்பல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. பிள்ளைங்களப் பார்த்தா கைல இருக்கற மிட்டாயக் குடுக்கறது நம்ம வீட்டுப் பாட்டிங்க எல்லாரும் செய்யறதுதானே. அடிச்சவங்களும் கொலை பண்ணப் பழகினவங்க கிடையாது, தன் பிள்ளைய எவனோ தூக்கிட்டுப் போயிடுவான்னு பயந்துபோயிருந்த அப்பா அம்மாக்கள். அதுக்கு முன்னாடி பல நாளா வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கு, பிள்ளைய வெளிய விடாதீங்கன்னு போட்டோவும் வாய்ஸ் மெசேஜும் வந்துக்கிட்டே இருந்துச்சு, அனுப்பினது யாருன்னு பார்த்தா மச்சான், சித்தப்பா, கூட வேலை பாக்கறவன். டிவில சொன்னாகூட இவன் எந்தக் கட்சிக்காரன்னு யோசிக்கற நாம, சித்தப்பா சொன்னா யோசிக்கறதில்ல. வதந்தி கிளப்பறவனுக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான், அத நாமளே அவனுக்கு எடுத்துக் குடுத்துடறோம்.

அந்த வருஷம் நாடு பூரா சுத்தின ஒரு வீடியோவ நீங்களும் பார்த்திருப்பீங்க. தெருவுல பசங்க விளையாடிட்டிருப்பாங்க, பைக்ல ரெண்டு பேர் வந்து ஒரு குழந்தையத் தூக்கிட்டுப் பறந்துடுவாங்க. அது பாகிஸ்தான்ல கராச்சில குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுசாப் பார்த்தா அந்த பைக்காரங்க திரும்பி வந்து குழந்தைய இறக்கி விட்டுட்டு, இந்த ஊர்ல பிள்ளையத் தூக்கறது இவ்ளோ சுலபம்னு எழுதின ஒரு பேனரப் பிடிச்சுக் காட்டுவாங்க. யாரோ அந்தக் கடைசிப் பகுதிய வெட்டிட்டு அனுப்பிட்டாங்க. சில செகண்டுதான் வெட்டினது, எச்சரிக்கையா எடுத்த படம் ஆளக் கொல்ற படமா மாறிப்போச்சு.

2018 ஜூலைல மகாராஷ்டிரா துலே மாவட்டத்துல இதே மாதிரி வதந்தியில அஞ்சு பேரக் கொன்னதுக்கு அப்புறம்தான், இந்தியாவுல ஒரே நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வாட்ஸ்அப் கொண்டு வந்துச்சு. 2020 ஏப்ரல்ல, ஏற்கெனவே நிறைய தடவை சுத்தின மெசேஜா இருந்தா ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான்னு இறுக்கினாங்க, அப்படி சுத்தற மெசேஜ் 70 சதவீதம் குறைஞ்சுடுச்சுன்னு அந்தக் கம்பெனியே சொல்லுச்சு. அதாவது அனுப்பறதுக்குக் கொஞ்சம் சிரமம் குடுத்தாலே நாம விட்டுடறோம். இந்தத் தடைய முன்னாடியே போட்டிருக்கலாமேங்கற கோபம் எனக்கு இன்னும் இருக்கு.

பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன். குரூப்ல வச்சுப் பதில் சொல்லாதீங்க, நாலு பேர் முன்னாடி அவருக்கு அது அவமானமாப் போயிடும், அப்புறம் நீங்க எவ்வளவு நல்லதச் சொன்னாலும் காதுல ஏறாது. தனியாப் போன் போட்டு, பெரியப்பா, இது எந்த ஊர், எந்த ஸ்டேஷன்ல கேஸு, என்னைக்கு நடந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா அது பல கை மாறி வந்ததுன்னு காட்டிக் குடுங்க. அத்திமூர்ல நடந்ததையும் சொல்லுங்க. அப்புறம், அது பொய்னு குரூப்ல அவரையே போடச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் பெரியப்பா எல்லாரும் கேப்பாங்கன்னு சொல்லுங்க, அது உண்மையும்கூட.

திருப்பூர் வாசகர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்: 2023ல வடமாநிலத் தொழிலாளிங்கள இங்க அடிக்கறாங்கன்னு ஒரு புரளி வந்துச்சே, எங்க யூனிட்ல பாதி மெஷின் நின்னு போச்சு. அத யாரு, எதுக்குக் கிளப்பினாங்க?

அண்ணா, ஒவ்வொருத்தரும் எதுக்குப் பண்ணினாங்கன்னு அவங்க மனசுக்குள்ள போய்ப் பார்க்க முடியாது, எப்படி நடந்துச்சுன்னு சொல்ல முடியும். எப்பவோ வேற எங்கயோ நடந்த சண்டை வீடியோக்களத் தமிழ்நாட்டுல நேத்து நடந்ததுன்னு தலைப்பு மாத்திப் போட்டாங்க. அந்த வருஷம் மார்ச் 8 ஹோலி. வழக்கம்போல பண்டிகைக்கு ஊருக்குப் போறவங்க கூட்டம் ரயில்வே ஸ்டேஷன்ல நின்னுச்சு, அதையே உயிருக்குப் பயந்து ஓடறாங்கன்னு காட்டினாங்க. அதப் பார்த்து நிஜமாவே பயந்துபோய்க் கிளம்பினவங்களும் உண்டு, அவங்க கிளம்பினது அடுத்த வீடியோவுக்கு ஆதாரமாயிடுச்சு. டிஜிபி வீடியோவுல வந்து பொய்னு சொன்னார், பீகார் அரசு ஒரு அதிகாரிங்க குழுவையே அனுப்பிச்சு, அவங்க உங்க திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து தொழிலாளிங்ககிட்ட நேராப் பேசினாங்க. அவங்க மொழியில, நேர்ல வந்து சொன்னதுக்கு அப்புறம்தான் பயம் தணிஞ்சுது.

2018ல வடநாட்டான்னா பிள்ளை பிடிக்கறவன்னு நாம நம்பினோம். 2023ல தமிழன்னா அடிக்கறவன்னு அவங்க நம்பினாங்க. ஒரே லைன் வீட்டுல அடுத்தடுத்த ரூம்ல இருந்துக்கிட்டே அவங்க குரூப் தனி, நம்ம குரூப் தனி. உங்க யூனிட்ல அவங்களோட நாலு வார்த்தை ஹிந்தியில பேசக்கூடிய ஒருத்தர் இருந்தாலே போதும், அடுத்த புரளி வர்றப்போ முதல்ல அவர்கிட்ட வந்து கேப்பாங்க. இத நான் ரொம்ப நம்பறேன்.

மன்னார்குடி வாசகர்: வாட்ஸ்அப் இல்லாத காலத்துல ஜனங்க நிம்மதியா இருந்தாங்க, வதந்தியே கிடையாது. ஒத்துக்கறீங்களா?

இல்லீங்க ஐயா. 1995 செப்டம்பர் 21, பிள்ளையார் சிலை பால் குடிக்குதுன்னு பேச்சு கிளம்பின நாள் ஞாபகம் இருக்கா? இந்தியாவுல முதல் செல்போன் பேச்சே அதே வருஷம் ஜூலை 31தான், அதனால செல்போன் வச்சிருந்தவங்க விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க. ஆனாலும் விடியறதுக்கு முன்னாடி டெல்லியில ஆரம்பிச்ச பேச்சு, எஸ்டிடி பூத்தும் வீட்டு லேண்ட்லைனும் வழியா மத்தியானத்துக்குள்ள நாடு பூரா பரவி, லண்டன் சவுத்தால் கோவில் வரைக்கும் போயிடுச்சு. ஸ்பூனும் கையுமா வரிசையில நின்னாங்க ஜனங்க. அரசாங்க விஞ்ஞானிங்க பால்ல கலர் கலந்து ஊட்டிக் காட்டினாங்க, அது சிலை மேல மெல்லிசா வழிஞ்சு இறங்கறது கண்ணுக்கே தெரிஞ்சுது.

பக்தியோ பயமோ அன்னைக்கும் இதே அளவுதான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு பெரும்பாலானவங்க பார்த்தது ஒரே தூர்தர்ஷன், படிச்சது அதே நாலு பேப்பர், டீக்கடையில ஒருத்தர் சத்தமாப் படிச்சா பத்துப் பேர் கேட்டுட்டு அங்கயே சரியா தப்பான்னு வாதாடுவாங்க. பொய் எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாவே பதிலும் வந்துச்சு. இன்னைக்கு பொய் நூறு குரூப்புக்குள்ள போயிடுது, பதில் அதுல பத்துக்குள்ளகூட நுழையறதில்ல. மாறினது அதுதான்.

சாத்தூர்ல இருந்து ஒரு அம்மா: ஒன்பதாவது படிக்கற மகன் எந்நேரமும் ரீல்ஸ். டிக்டாக்க தடை பண்ணின மாதிரி இதையும் பண்ணினா என்ன?

தடையால என்ன ஆச்சுன்னு பாருங்கம்மா. 2019 ஏப்ரல்ல ஐகோர்ட் மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை சொல்லி, அதே மாசமே எடுத்துடுச்சு. 2020 ஜூன் 29 மத்திய அரசு 59 ஆப்ப ஒரே அறிவிப்புல மூடினப்போ அதுவும் போச்சு. பத்து நாள்கூட ஆகல, ஜூலை 8ல இன்ஸ்டாகிராம் இங்க ரீல்ஸ ஆரம்பிச்சுடுச்சு, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ். பழக்கம் அப்படியே இருந்துச்சு, கடைதான் மாறுச்சு. நஷ்டம் யாருக்குன்னா, கரும்பு வெட்டற அக்கா, ஆட்டோ ஓட்டறவர், திருநங்கைத் தோழிங்கன்னு எந்த சேனலும் கூப்பிடாத ஆளுங்க அங்க முதல் தடவையா முகம் காட்டினாங்க, சேர்த்த ரசிகர்கள ஒரே ராத்திரியில இழந்துட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. அதப் பத்தி அப்ப யாரும் பெருசாப் பேசலைங்கறது என் வருத்தம்.

உங்க மகனுக்கு: அந்த ஆப், அவன் லைக் போட்டானாங்கறத மட்டும் பாக்கறதில்ல, எந்த வீடியோவுல எத்தனை செகண்ட் நின்னான்னும் கணக்கு வச்சு அதையே திரும்பத் திரும்பக் குடுக்கும். ஒரு நாள் பக்கத்துல உக்காந்து அவனோட ஃபீட அவனோடயே பாருங்க, திட்டாம. சண்டை வீடியோவா, பைக் சாகசமா, சமையலா, பொண்ணுங்கள கேவலமாப் பேசறதான்னு தெரிஞ்சுடும். ராத்திரி போன் ஹால்லதான் சார்ஜ் ஏறணும்னு ஒரு ஏற்பாடு வைங்க, ஆனா உங்க போனும் அங்கயே இருக்கணும், இல்லன்னா அவன் கேக்க மாட்டான்.

நாகப்பட்டினம் மீனவர் வீட்டுப் பொண்ணு, கல்லூரி மாணவி: எல்லாரும் போனத் திட்டிக்கிட்டே இருக்கீங்க. எங்க அப்பாவுக்கு அதுதான் சோறு போடுது.

உண்மைதான் பாப்பா. 1997ல இருந்து 2001க்குள்ள வடகேரளாவுல காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரையோரம் செல்போன் டவர் வந்துச்சு. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் அந்த மத்தி மீன் சந்தைகளக் கணக்கெடுத்தார். அதுக்கு முன்னாடி ஒரு கரையில வாங்க ஆள் இல்லாம மீனத் திரும்பக் கடல்ல கொட்டுவாங்க, சில மைல் தள்ளி இன்னொரு கரையில மீனே கிடைக்காது. போன் வந்ததும் கடல்ல இருந்தே விலை கேட்டுட்டுக் கரை பிடிச்சாங்க, கொட்டறது கிட்டத்தட்ட நின்னு போச்சு. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்கறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சுது. ரெண்டு பக்கமும் நல்லது நடக்கறது அபூர்வம், நடந்துச்சு. அங்க போன்ல வந்த சேதிய அன்னைக்கே கரையில போய்ச் சரிபார்க்க முடிஞ்சுது, பொய் விலை சொன்ன ஏஜென்ட்ட மறுநாள் எவனும் கூப்பிட மாட்டான்.

கும்பகோணம் வாசகர், ரிட்டயர்டு: வீடியோ கால்ல போலீஸ் டிரஸ்ல ஒருத்தர், உங்க பேர்ல போதைப்பொருள் பார்சல் வந்திருக்கு, நீங்க டிஜிட்டல் அரெஸ்ட், கேமரா முன்னாடி இருந்து நகரக்கூடாதுன்னார். கட் பண்ணிட்டேன். ஆனா இன்னும் படபடப்பா இருக்கு சார்.

கட் பண்ணினது ரொம்ப சரி. டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்துல ஒண்ணுமே கிடையாது, எந்த போலீஸும் வீடியோ கால்ல கைது பண்ண மாட்டாங்க, பணமும் கேக்க மாட்டாங்க. 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல இதப் பத்தி எச்சரிச்சார். நம்மள்ல பல பேர் வாழ்நாள்ல ஸ்டேஷன் வாசல மிதிச்சதில்ல, போலீஸ்னா எப்படிப் பேசுவார், பின்னாடி சுவத்துல என்ன மாட்டியிருக்கும்னு நமக்குத் தெரிஞ்சதெல்லாம் சினிமாவுலயும் சீரியல்லயும் பார்த்தது. அவங்க அதே மாதிரி செட் போட்டு உக்காந்திருக்காங்க, அதனாலதான் பேங்க்ல வேலை பார்த்தவங்ககூட ஏமாந்து போறாங்க. நீங்க பயந்ததுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. உங்களுக்குப் பணம் போகல, இருந்தாலும் அந்த நம்பர சைபர் கிரைம்ல பதிஞ்சு வைங்க, தெருவுல தனியா இருக்கற பெரியவங்க யாராவது இருந்தா நேர்ல போய்ச் சொல்லுங்க. யாருக்காவது பணம் போயிருந்தா உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930க்கு போன் பண்ணச் சொல்லுங்க, விடியட்டும், பையன் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் சொன்னாத்தான் அந்தப் பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்கு நகர்றதுக்குள்ள நிறுத்திப் பிடிக்க முடியும்.